மாட்டுக்கொட்டகைக்கு ஒரு நோட்டுப் புத்தகம்

நம்மில் பலருடைய தாத்தா பாட்டிகள் தோட்டத்தில் பால்மரம் வெட்டியதோடு, லயத்துக்குப் பின்னால் இரண்டு மூன்று மாடுகளும் வளர்த்தவர்கள். அந்தப் பால் காசுதான் பல வீடுகளில் பிள்ளைகளின் பள்ளிச் செலவாக மாறியது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட பின்னும், தீபகற்ப மலேசியாவின் சிறு பால் பண்ணையாளர்களில் நம்மவர் கணிசமாக இருக்கிறார்கள். ‘இவர்களுக்கு உற்பத்தித் திறன் போதாது’ என்ற பேச்சும் கூடவே இருக்கிறது.

தீர்வு என்றதும் எல்லாரும் மாட்டின் இனத்தைப் பற்றியே பேசுகிறோம். ஃபிரீசியனையும் சாகிவாலையும் கலந்து இங்கு ‘மாஃப்ரிவால்’ மாட்டை உருவாக்கினார்கள். நல்லதுதான். ஆனால், ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் என்பது பாதிக் கேள்வியே. அடுத்த கன்று எப்போது என்பதுதான் மீதிக் கேள்வி. கன்று ஈனாமல் பால் ஏது?

பசு ஏறக்குறைய 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். நம் நாட்டு வெப்பத்தில் அதன் அறிகுறி சில மணி நேரமே தெரியும். பல வேளைகளில் இரவிலேயே வந்து மறைந்துவிடும். விடியுமுன் கறந்துவிட்டுத் தொழிற்சாலைக்கு ஓடுகிறவர் அதை எப்படிக் கவனிப்பார்? இரு முறை தவறினால் 42 நாள் போயிற்று. ஐந்து மாடுகளுக்குக் கணக்கிட்டால் 210 நாள். அத்தனை நாளும் மாடு புல்லும் செம்பனைப் பிண்ணாக்கும் தின்னும். மடி மட்டும் வற்றிக்கொண்டே போகும்.

இதற்கு முதலில் வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம். கன்று ஈன்ற நாள், பருவத்துக்கு வந்த நாள், சினை ஊசி போட்ட நாள் ஆகிய மூன்றையும் எழுதி வைத்தால் போதும். அடுத்து எந்த மாட்டை எந்த வாரத்தில் கவனிக்க வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

புல் வளர்க்கச் சொந்த நிலம் இல்லாத குறை நோட்டால் தீராது என்பது உண்மைதான். அதை அரசிடம்தான் கேட்க வேண்டும். ஆனால், நிலமோ கடனோ கேட்கப் போகிறவர் கையில் மூன்றாண்டுக் கணக்கு இருந்தால், ‘திறன் இல்லாதவர்’ என்று அவரை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

மாணவ நண்பர்களே, நாம் கால்நடை மருத்துவமோ கணக்கியலோ எது படித்தாலும், தேதி எழுத நமக்குத் தெரியும். அடுத்த விடுமுறையில் பெரியப்பாவின் கொட்டகையில் ஒரு பக்கத்தையாவது எழுதித் தொடங்கி வைப்போம்!