துரை மாளிகையும் தொழிலாளர் லயமும்

கொலன்னாவைக்கு அண்மையில், தெமட்டகொடையைக் கடந்து செல்லும் மலைநாட்டுப் புகைவண்டியில் ஏறி அப்புத்தளையில் இறங்குவோர் பலர் காண விரும்புவது அடிசம் மாளிகையையே. இங்கிலாந்தின் பிரதமராயிருந்த ஜோன் ரசல் பிரபுவின் பேரர் சேர் தோமஸ் வில்லியர்ஸ், கெண்ட் பகுதியிலே தாம் பிறந்த சிற்றூரின் பெயரைச் சூட்டி, ஆங்கில நாட்டுப்புறப் பிரபுக்களின் மனைபோல 1931இல் கட்டுவித்த கல்மாளிகை அது. பின்னர் பெனடிக்ற் சபைத் துறவியர் கைக்கு வந்தது. அவர்கள் அதனைப் பேணிவரும் திறம் போற்றத்தக்கது. அங்கு விற்கும் பழப்பாகையும் நம்மவர் மறவாது வாங்கி வருகின்றனர்!

ஆயின் தோட்டமென்பது துரை பங்களா மட்டுமன்று. கொழுந்து மடுவம், தொழிற்சாலை, விடியலில் தப்பொலி கேட்டு ஆட்கள் திரண்ட பிரட்டுக்களம், பிள்ளை மடுவம், மாரியம்மன் கோயில் ஆகிய யாவும் சேர்ந்ததே தோட்டம். இவற்றோடு தகரக்கூரை வேய்ந்த லயங்கள். சுமார் 10 அடிக்கு 12 அடி கொண்ட ஒரு காம்பரா, முன்னே சிறு இஸ்தோப்பு. அதற்குள் ஒரு முழுக்குடும்பம். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலைத் தொழில், இத்தகைய காம்பராக்களில் வாழ்ந்தோரின் உழைப்பாலேயே வளர்ந்தது.

இன்று பங்களாக்கள் பல உல்லாச விடுதிகளாகிவிட்டன. கந்தப்பளையில் பழைய தொழிற்சாலையொன்று ஹோட்டலாயிற்று. ஹந்தானையில் மற்றொன்று 2001இல் தேயிலை அரும்பொருளகமாயிற்று. லயத்தின் கதி யாது? கம்பளைப் பகுதியிலே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயமொன்றைத் தொழிலாளர் அரும்பொருளகமாக்கிய 2007ஆம் ஆண்டு முயற்சியை நன்றியோடு நினைக்கின்றோம். தொல்பொருட் சட்டமோ 1815 மார்ச் 2க்கு முற்பட்டவற்றையே இயல்பாகக் காக்கும். பிற்பட்டவற்றைத் தனியே அறிவித்தல் வேண்டும். தேயிலைத் தோட்டத்துக் கட்டடம் எதுவும் அத்தேதிக்கு முற்பட்டதன்று.

'அவமானச் சின்னத்தைக் காப்பானேன்? இடித்துத் தள்ளுக' என்பாருளர். மக்கள் லயத்தை விட்டுச் சொந்தக் காணியில் சொந்த வீட்டிற் குடியேறவேண்டும் என்பதில் எமக்கு இருகருத்தில்லை. அது என்றோ நடந்திருக்கவேண்டியது. குடியிருக்க ஒரு லயமும் வேண்டா. கண்டறிய மாவட்டத்துக்கு ஒன்றேனும் வேண்டும். பங்களா நிற்க லயம் மறையுமாயின், வருங்காலத்தார் தோட்டத்தில் துரை மட்டுமே வாழ்ந்தார் என்றல்லவா எண்ணுவர்?

பிரபுக்களின் மனைகளுக்குத் தாயகமான பிரித்தானியாவிலேயே இவ்வுணர்வு பிறந்துவிட்டது. வேல்ஸ் நாட்டு எர்டிக் மாளிகை 1973இல் நேஷனல் டிரஸ்ட் நிறுவனத்தின் வசமானது. அங்கே பணியாட்களின் உருவப்படங்கள் சுவரை அணிசெய்கின்றன. தொழுவமும் பட்டறையும் மாளிகையோடு ஒப்பப் பேணப்படுகின்றன.

நம் பழைய மாணவருள் மலைநாட்டிற் பிறந்தோரும் உளர். இடிக்குமுன் லயத்தை அளந்து படம்பிடிக்கவும், முதியோர் வாய்மொழியைப் பதியவும் அவர்கள் முன்வரல் வேண்டும். செல்லரிக்கும் பழைய செக்றோல் புத்தகங்கள் எங்கேனும் எஞ்சியிருப்பின் முதலில் அவற்றைப் படியெடுக்கவேண்டும். உழைத்தவர் பெயர்கள் அவற்றிலேதான் உள்ளன.