பாண்ட் குழுத் தெரிவுக்குப் போகும் பிள்ளை



கடந்த மாதம் வீட்டுத் தரிசிப்புக்குப் போனபோது ஒரு தாய் என்னைப் படலையடியிலேயே மறித்துக்கொண்டார். "தங்கச்சி, இவள் பள்ளிக்கூடப் பாண்டிலை சேரப்போறன் எண்டு நிக்கிறாள். வேண்டாமெண்டு நீங்களாவது சொல்லுங்கோ."

2009இல் கணவரை இழந்தவர். மகள் அப்போது கைக்குழந்தை. இப்போது உயர்தரம் படிக்கிறாள். தாய்க்கு இரண்டு பயம். ஒன்று, அந்தச் சீருடையும் 'லெப்ட், ரைட்' சத்தமும் அவருக்கு ஒத்துவராது. மற்றது, போட்டிக்குப் போகிற குழு என்பதால் தெரிவு கடுமை. எடுபடாவிட்டால் பிள்ளை உடைந்துபோவாள்.

முதலாவது பயத்தை நான் வாதாடிப் போக்கவில்லை. அது வாதத்தால் போகக்கூடியதும் அல்ல. இரண்டாவதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியுண்டு. நானும் ஒன்பதாம் வகுப்பில் சைட் ட்ரம் தெரிவுக்குப் போனவள்தான். நடுவில் ஓர் அடி பிழைத்தது. கையை நிறுத்தினேன், கண் கலங்கியது, தடியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஆசிரியை பிறகு கூப்பிட்டுச் சொன்னார்: "பிழைச்சதுக்கில்லைப் பிள்ளை, நீ நிப்பாட்டினதுக்குத்தான் விட்டனான்." நடந்துகொண்டு வாசிக்கும் குழுவில் ஒருவர் நின்றால் பின்வரிசை முழுவதும் குழம்பும். பிழை விட்டவர் அடுத்த அடியில் வந்து சேர்ந்துகொண்டால் பார்ப்பவருக்கே தெரியாது.

ஆகவே மகளுக்குச் சொன்னது இவ்வளவுதான். அணிநடை பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 அடி. சுவர் மணிக்கூட்டின் ஒரு 'டிக்'குக்கு இரண்டு அடி. இடது கால் முதலில். ட்ரம் இல்லையென்றால் பழைய செருப்பின் அடியில் தடியால் தட்டிப் பழகலாம். வேண்டுமென்றே ஒரு தட்டைத் தவறவிட்டு, கால் நிற்காமல் திரும்பத் தாளத்தில் ஏறவும் பழக வேண்டும். ஆசிரியர் திருத்தினால் காரணம் சொல்லாமல் உடனே மாற்றிச் செய்து காட்ட வேண்டும்.

அமெரிக்காவில் இந்த அணிநடை இசைக்குழுக்களுக்கு 1972 முதல் பெரிய சாம்பியன் போட்டி நடக்கிறது. பெரிய குழுக்களில் 150 பேருக்கு மேல். குளிர்காலப் பயிற்சி முகாம்களில் தெரிவு செய்து, ஓகஸ்டில் இறுதிப் போட்டி. முதல் வருடம் கழிக்கப்பட்டு, குறைகளைக் கேட்டறிந்து, அடுத்த வருடம் வந்து சேருபவர்கள் அங்கே உண்டு. வயதெல்லை உண்டு என்பதால் அவர்களுக்கும் அவசரந்தான். அதைக் கேட்டு மகள் சிரித்தாள். "எனக்கு அடுத்த வருசம் இல்லையே அக்கா, சோதனை வந்திடும்" என்றாள். உண்மைதான். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தெரிவன்று தாயும் வந்தார். பாஸ் ட்ரம் முதல் அடி விழுந்ததும் என் கையை இறுகப் பிடித்தார். "வெளியிலை போவமா அக்கா?" என்றேன். தலையாட்டினார். மதிலுக்கு வெளியே, சத்தம் மெலிதாகக் கேட்கும் இடத்தில் வேப்பமர நிழலில் இருந்தோம். அவர் ஒன்றும் பேசவில்லை. எழும்பிப் போகவும் இல்லை.

சைட் ட்ரம் கிடைக்கவில்லை. சிம்பல் கொடுத்திருக்கிறார்கள். மகளுக்கு முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. பஸ்ஸுக்கு நிற்கும்போது தாய் மெல்லக் கேட்டார்: "தங்கச்சி, வெள்ளைச் சப்பாத்து எந்தக் கடையிலை மலிவு?"