லயத்தை இடித்தபின் எதைக் காட்டுவது?

கேமரன் மலையில் இலையுதிர்காலம் என்ற ஒன்று இல்லை. தேயிலைச் செடிக்கு ஆண்டு முழுவதும் கொழுந்துக் காலமே. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போதுதான் அங்கே பழமையின் ஆயுள் சோதிக்கப்படுகிறது. கோலா தெர்லாவிலிருந்து கம்போங் ராஜா வரை சரிவெல்லாம் காய்கறிப் பயிரை மூடிய பிளாஸ்டிக் கூரைகள் பளபளக்கின்றன. ஆள் போன லயத்தின் தகரத்திலோ துரு ஏறுகிறது. மரச்சுவர் ஊறிச் சாய்கிறது. ஒருநாள் அங்கே வெற்றுநிலம் இருக்கிறது. எவரும் கேட்பதில்லை.

இங்கிலாந்தின் கிரேட் காக்ஸ்வெல் சிற்றூரில், ஒரு மடத்துக்குரிய தானியக் களஞ்சியம் ஏறத்தாழ 700 ஆண்டுகளாக நிற்கிறது. நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிறுவனம் அதைக் காத்து வருகிறது. அது வெறும் களஞ்சியந்தான்! மனிதர் பிறந்து, மணந்து, பிள்ளை பெற்று, மாண்ட லயத்துக்கு அந்த மதிப்பேனும் இல்லையா?

இலங்கை மலையகத்தைப் பார்ப்போம். கண்டிக்கு அருகே ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை, 2001இல் அருங்காட்சியகமாயிற்று. கந்தப்பளையில் மற்றொரு தொழிற்சாலை 1996இல் தங்கும் விடுதியாயிற்று. இயந்திரத்துக்கு எண்ணெய் பூசிப் பாதுகாத்தார்கள். அதற்குக் கொழுந்து சுமந்து வந்தவள் எங்கே படுத்துறங்கினாள் என்பதை அங்கே எவரும் நினைக்கவில்லை. அக்குறையைப் போக்கக் கம்பளைக்கு அருகே 2007இல் பழைய லயம் ஒன்றையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கினர். பெருந்தொகை கொண்ட முதலாளிகள் செய்த வேலையன்று அது. மனம் இருந்தது, செய்தார்கள்.

இங்கோ, 1929இல் தோன்றிய போ நிறுவனத்தின் தோட்டத்துக்கு நாள்தோறும் பயணிகள் வருகின்றனர். தேநீர் அருந்துகின்றனர், பச்சைச் சரிவைப் படம் பிடிக்கின்றனர். காடழித்து அச்சரிவில் செடி நட்டவர் யார் என்று கேட்கும் பிள்ளைக்கு ஆசிரியர் எதைக் காட்டுவார்?

“லயம் அடிமை வாழ்வின் சின்னம், ஒழிந்தால் நல்லது” என்பர் படித்தவர் சிலர். மேடையில் கைதட்டல் பெறும் பேச்சு இது. லயத்தில் இன்றும் எவரையேனும் குடிவைக்க வேண்டும் என யாரும் கேட்கவில்லை. வேலை போனால் வீடும் போகும் என்ற அந்த ஏற்பாடு கொடியதே. தொழிலாளிக்குச் சொந்த வீடு வேண்டும் என்பதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால், கொடுமையின் சான்றை அழித்துவிட்டால் இலாபம் யாருக்கு? ஓரறைக்குள் ஒரு குடும்பம் அடைந்து கிடந்தது என்பதை நாளை மறுப்பவனுக்கே!

தேசிய மரபுடைமைச் சட்டம் 2005இல் இயற்றப்பட்டது. ஓரிடத்தைத் தேசிய மரபுடைமையாக அறிவிக்குமாறு எவரும் அமைச்சருக்கு முன்மொழிய அதில் வழி உண்டு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மேடை போடும் சங்கங்களில் எத்தனை அச்சட்டத்தைப் புரட்டிப் பார்த்தன?

மலையில் எஞ்சியிருக்கும் லயங்களில் ஒன்றையேனும் இடிக்காமல் விடுமாறு நிர்வாகங்களை இன்றே கேட்க வேண்டும். ஆயர் கல்வியாளர் அனுமதிக்குக் காத்திராமல், தமிழ்ப்பள்ளி மாணவர் அளவுநாடாவோடு சென்று அறையின் நீள அகலத்தையும், அடுப்பு இருந்த மூலையையும், தண்ணீர்க் குழாய்க்கு நடந்த தூரத்தையும் குறித்துவரட்டும். பிரட்டுக்களத்தில் பேர் சொல்லிக் கூப்பிடப்பட்ட பாட்டிமார் சிலர் இன்னும் இருக்கிறார்கள். எந்த அறையில் யார் குடியிருந்தார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.