அரசர்கள் அழலாமா?

தங்கள் அரசர்களின் பலவீனங்களைப் படமாக்கி, அதையே பாசமாக மாற்றி உலகுக்கு விற்பதில் ஆங்கிலேயர்களை மிஞ்ச ஆளில்லை. 1994இல் வந்த 'தி மேட்னஸ் ஆஃப் கிங் ஜார்ஜ்', மூன்றாம் ஜார்ஜுக்குச் சித்தம் கலங்கிய கதை. 2010இல் வந்த 'தி கிங்ஸ் ஸ்பீச்', ஆறாம் ஜார்ஜின் திக்குவாயைப் பற்றியது. சிறந்த படம், இயக்குநர், நடிகர், திரைக்கதை என்று நான்கு ஆஸ்கார்களை அள்ளிச் சென்றது.

அதன் திரைக்கதையாசிரியர் டேவிட் செய்ட்லர் சிறுவயதில் திக்குவாயால் அவதிப்பட்டவர். மன்னரின் கதையை எழுத ராணித் தாயாரிடம் அனுமதி கேட்டார். என் காலத்துக்குப் பிறகு எழுதுங்கள் என்ற பொருளில் பதில் வந்தது. 2002இல் அந்த அம்மையார் 101 வயதில் மறையும்வரை அவர் காத்திருந்தார்.

படத்தின் உச்சக்கட்டம், 1939 செப்டம்பர் 3 அன்று மன்னர் வானொலியில் தடுமாறாமல் ஆற்றும் போர்க்கால உரை. இருக்கை நுனிக்கு நம்மை இழுத்துவரும் காட்சிதான். ஆனால் அதே நாளில், அவர் சக்கரவர்த்தியாக இருந்த இந்தியாவில் என்ன நடந்தது? நம் தலைவர்கள் ஒருவரையும் கேட்காமல், இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தார். அதைக் கண்டித்துக் காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்தன. சென்னையில் ராஜாஜி பதவியைத் துறந்ததும் அதனால்தான். மன்னருக்குப் பேச்சு வந்த நாளில் நமக்குப் பேச வாய்ப்பில்லை. படத்தில் இதற்கு இடமில்லாதது குற்றமல்ல. அது அவர்கள் கதை.

நம் கதை? திருவனந்தபுரத்தில் தம்பானூர் பஸ் நிலையக் கட்டடத்துக்குள் கேரளத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் தியேட்டர் ஒன்று இருக்கிறது. பெயர் 'லெனின் சினிமாஸ்'. கேரளத்தில் லெனின் என்றதும் ரஷ்யப் புரட்சி நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் இவர் லெனின் ராஜேந்திரன்; 2019இல் மறைந்த இயக்குநர், அந்தக் கழகத்தின் தலைவராக இருந்தவர். 1989லும் 1991லும் ஒற்றப்பாலம் தொகுதியில் மார்க்சிஸ்ட் வேட்பாளராக கே.ஆர். நாராயணனை எதிர்த்து நின்று தோற்றவர். இந்த இடதுசாரிதான் 1987இல் ஒரு மகாராஜாவைப் பற்றிப் படமெடுத்தார்: 'சுவாதித் திருநாள்'. அனந்த் நாக் மன்னராக நடித்தார், இசை எம்.பி. சீனிவாசன். கேரள அரசின் விருதுகளில் நடுவர் குழுவின் சிறப்பு விருது இயக்குநருக்குக் கிடைத்தது.

சுவாதித் திருநாள் 1829இல், 16 வயதில், திருவிதாங்கூரின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். ஆங்கிலப் பள்ளியும் வானியல் ஆய்வுக்கூடமும் தொடங்கினார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அவர் அவையை அலங்கரித்தார். 1840இல் ஜெனரல் கல்லன் ரெசிடெண்டாக வந்தார். அதன்பின் திவான் யார் என்பதில்கூட மன்னர் விருப்பம் செல்லவில்லை. இசையிலும் கோவிலிலும் ஒதுங்கிய அவர், 1846இல் 33 வயதில் காலமானார்.

இங்கேதான் வித்தியாசம். ஆங்கிலப் படங்களில் அரசரின் நோய் உடலிலோ மனதிலோ இருக்கிறது. வைத்தியம் நடக்கிறது, அரசர் மீண்டும் அரசராகிறார். சுவாதித் திருநாளின் நோய் அரண்மனைக்கு வெளியே, ரெசிடென்சியில் இருந்தது. அதற்கு மருந்தேது?

தமிழ் சினிமா இந்த நோயைத் தொடத் தயங்கியே வந்திருக்கிறது. நமக்கு அரசன் என்றால் 1959இன் 'வீரபாண்டிய கட்டபொம்மன்'; வெள்ளைக்காரன் முகத்துக்கு நேரே சீறுபவன். இல்லையென்றால் 2006இன் 'இம்சை அரசன் 23ம் புலிகேசி'. வெள்ளைக்காரனுக்குக் குனிந்து நம்மைச் சிரிக்கவைப்பவன். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் சமஸ்தானாதிபதிகளில் பெரும்பாலோர் வாழ்ந்தார்கள். தஞ்சை இரண்டாம் சரபோஜியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1799 ஒப்பந்தத்தில் ராஜ்யத்தின் நிர்வாகத்தைக் கம்பெனியிடம் விட்டுவிட்டு, கோட்டைக்குள் சரஸ்வதி மகாலை வளர்த்தார். அவர் கோழையா, சமர்த்தரா? இரண்டு மணி நேரப் படத்துக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. அரசனுக்காகக் கண்ணீர் விடும்போது குடிகளை மறந்துவிடக் கூடாது. சுவாதித் திருநாள் ராகங்களில் ஆறுதல் தேடிய காலத்தில், அவருடைய ராஜ்யத்தின் தென்கோடியில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்குப் போராடிக்கொண்டிருந்தார்கள். 1859இல்தான் அரசாணை வந்தது. கல்லனிடம் தலைகுனிந்த அரண்மனை, தன் வாசலில் மற்றவர்களைத் தலைகுனிய வைத்தது. அவமானப்பட்டவனும் அவமானப்படுத்தியவனும் ஒருவனே என்பதை ஒரே படத்தில் சொல்ல முடிந்தால், அது லண்டன்காரர்கள் இதுவரை எடுத்ததையெல்லாம்விடப் பெரிய அரச கதையாக இருக்கும்.

அவர்கள் ஒரு ராணியின் மரணத்துக்காகக் காத்திருந்தார்கள். நமக்குத் தடை சொல்ல அப்படி யாரும் இல்லை. நாம் எதற்காகக் காத்திருக்கிறோம்?