அப்பா எங்கே இருக்கிறார்... யாருக்கெல்லாம் தெரியும்?

வாக்கிங் போன அப்பா வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றார் என்று ஒருமுறை தெரிந்தால் போதும், பிள்ளைகளுக்குத் தூக்கம் போய்விடும். டிமென்ஷியா எனும் மறதிநோய் வந்தவர்கள், பல வருடங்கள் புழங்கிய தெருவிலேயே திசை தவறுவதுண்டு. வெளியூரில் இருக்கும் மகள் உடனே தேடுவது ஜிபிஎஸ் வாட்ச். தவறில்லை. ஆனால், அப்பா இருக்கும் இடம் மகளைத் தவிர வேறு யாருக்கெல்லாம் தெரிகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

2017-ல் நார்வே நாட்டின் நுகர்வோர் கவுன்சில், குழந்தைகளுக்கான ஜிபிஎஸ் வாட்ச்கள் சிலவற்றைச் சோதித்தது. அவற்றில் சிலவற்றுக்குள் முன்பின் தெரியாதவர்கூடப் புகுந்து, குழந்தை இருக்கும் இடத்தைப் பார்க்க முடிந்தது. அதே ஆண்டு ஜெர்மனி, ஒட்டுக்கேட்கும் வசதி கொண்ட குழந்தைகள் வாட்ச்களையே தடை செய்தது. முதியோருக்காக விற்கப்படும் பல வாட்ச்களிலும் இதேபோல சிம், லொகேஷன், மைக் எல்லாம் உண்டு. எனவே வாங்கியதும் முதல் வேலை, கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றுவது.

அடுத்து, யார் பார்ப்பது? இரண்டு பேர் போதும். ‘அப்பா பார்க்கில் இருக்கார்’ என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் போடுவது, வீடு எப்போது பூட்டிக்கிடக்கும் என்று ஊருக்கே சொல்வதற்குச் சமம். பார்த்துக்கொள்ள வந்தவர் வேலையை விட்டுப் போனால், அவர் போனில் இருக்கும் அனுமதியையும் அன்றே நீக்க வேண்டும். எப்போதாவது தனியாகப் போகிறவருக்கு வாட்ஸ்அப் லைவ் லொகேஷனே போதும். 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று தேர்ந்தெடுக்கலாம். நேரம் முடிந்ததும் தானே நின்றுவிடும்.

இதைவிட முக்கியம், அப்பாவிடம் கேட்பது. நோயின் ஆரம்பக் கட்டத்தில் அவரால் யோசித்துப் பதில் சொல்ல முடியும். “இதைக் கட்டிக்கிறீங்களாப்பா? நானும் தம்பியும் மட்டும்தான் பார்ப்போம்” என்று அப்போதே பேசிவிடலாம். சட்டைக்குள் ஒளித்து வைத்தது தெரிந்தால், கழற்றி எறிவதோடு பிள்ளைகள் மேலும் சந்தேகம் வந்துவிடும். நினைவு நன்றாக இருக்கும் அம்மா ‘வேண்டாம்’ என்றால், வேண்டாம்தான். வயதாகிவிட்டது என்பதற்காக அவர் எங்கே போகிறார் என்று வேவு பார்க்க யாருக்கும் உரிமையில்லை.

வாட்ச் இடத்தைக் காட்டும். கையைப் பிடித்து அழைத்து வராது. சார்ஜ் தீர்ந்தால் அதுவும் காட்டாது. டீக்கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், செக்யூரிட்டி ஆகியோரிடம் அப்பாவின் நிலையை முன்பே சொல்லி வைக்கலாம். சட்டைப்பையில் ஒரு சீட்டு இருக்கட்டும். அதில் மகளின் போன் நம்பர் போதும், வீட்டு முகவரி வேண்டாம். ஆளைக் காணவில்லை என்றால், ஒருநாள் பொறுத்துப் பார்க்கத் தேவையில்லை. உடனே 112-க்கு அழைக்க வேண்டும்.