கண் தெரியாதவனுக்குக் கம்ப்யூட்டர் இரட்டை விலையா?

கண் தெரியாதவனைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் ஜனங்களுக்கு இரண்டே வார்த்தைகள்தான் தெரியும். ஒன்று "ஐயோ பாவம்", மற்றொன்று "முன்வினை". முதல் வார்த்தையைச் சொல்லுகிறவன் ஒரு காசைப் போட்டுவிட்டுப் போகிறான். இரண்டாவதைச் சொல்லுகிறவன் அந்தக் காசையும் போடாமலேயே போகிறான். "அவனுக்கு வேண்டிய சாமான் ஏன் இந்த விலை விற்கிறது?" என்று கேட்கின்றவனை மாத்திரம் காணோம். ஆகவே நாம் கேட்கின்றோம்.

தோழர்களே! கண் தெரியாதவர் கம்ப்யூட்டரில் எப்படி வேலை செய்வார் என்று சிலருக்குச் சந்தேகமிருக்கலாம். இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. திரையில் தோன்றும் எழுத்தைக் குரலாக்கிக் காதில் சொல்லுகின்ற மென்பொருள் இருக்கின்றது. அதற்குத் திரைவாசிப்பான் என்று பெயர். அதன் துணைகொண்டு அவர் கடிதம் எழுதலாம், கணக்குப் பார்க்கலாம், பரீட்சைக்குப் படிக்கலாம். எழுத்துக்கூட்டியே படிக்க வேண்டுமென்றால், சிறு ஊசிகள் மேலெழும்பி விரலுக்குப் பிரெயில் எழுத்தாகத் தட்டுப்படுகின்ற பலகையும் இருக்கின்றது. கண் செய்கிற வேலையைக் காதும் விரலும் செய்துவிடுகின்றன. விஞ்ஞானம் வழி விட்டுவிட்டது. குறுக்கே நிற்பது விலைதான்.

இந்த மென்பொருள்களில் பேர்போனது, அமெரிக்காவில் 1989இல் வெளிவந்த 'ஜாஸ்' என்பது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதன் சாதாரணப் பதிப்பு 895 டாலர். தொழில் பதிப்பு 1,095 டாலர். அன்றைய நாணய மாற்றில் நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் ரூபாய். கம்ப்யூட்டரின் விலையைவிட, அதைப் படித்துச் சொல்லுகின்ற குரலின் விலை அதிகம்! பணம் கட்டாதவன் சோதித்துப் பார்க்கலாம். 40 நிமிஷம் பேசும், பிறகு வாயை மூடிக்கொள்ளும். மறுபடி பேச வேண்டுமானால் கம்ப்யூட்டரையே அணைத்து ஏற்ற வேண்டும். பிரெயில் பலகையோ, 40 எழுத்துக் கொண்டதென்றால் ஆயிரக்கணக்கான டாலர். முன்வினையின் பலன் கண்ணைப் பறித்ததோடு நிற்காமல் 895 டாலர் அபராதமும் விதிக்கும் என்று எந்தப் புராணத்திலாவது எழுதியிருக்கிறதா?

"வாங்குகிறவர் சிலர், ஆகையால் விலை ஏறத்தான் செய்யும்" என்று வியாபாரம் தெரிந்தவர்கள் சொல்லுவார்கள். இதில் கொஞ்சம் நிஜமும் உண்டு. ஆனால் முழு நிஜம் வேறு. அமெரிக்காவில் இவற்றைப் பெரும்பாலும் கண் தெரியாதவரே தம் சட்டைப்பையிலிருந்து வாங்குவதில்லை. சர்க்கார் இலாகாவும், வேலை கொடுக்கின்ற முதலாளியும் வாங்கிக் கொடுப்பது வழக்கம். பில்லைச் சர்க்கார் கட்டும் என்று தெரிந்த கடைக்காரன் விலையைக் குறைப்பானா? அங்கே சர்க்கார் பையைப் பார்த்துப் போட்ட விலையே கப்பலேறி வந்து, இங்கே சொற்ப உதவிப்பணம் வாங்குகின்ற ஏழையின் முன் நிற்கின்றது. பிற்காலத்தில் அமெரிக்காவிலேயே, வீட்டில் உபயோகிப்பவர்களுக்கு நூறு டாலருக்குட்பட்ட ஆண்டுச் சந்தா ஏற்படுத்தினார்கள். குறைக்க முடியாத விலை அல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

வேண்டுமென்றால் இதோ. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற வாலிபர் ஒரு திரைவாசிப்பானை எழுத ஆரம்பித்தார். அவருக்குக் கண் தெரியாது. அவரோடு சேர்ந்த ஜேம்ஸ் டே என்பவருக்கும் தெரியாது. இருவரும் சிறுவயதில் கண் தெரியாத பிள்ளைகளுக்கான சங்கீத முகாமில் பழகியவர்கள். கண்ணுள்ளவன் கொடுக்கின்ற அதே விலையில் கண் தெரியாதவனுக்கும் கம்ப்யூட்டர் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் எண்ணம். அந்த மென்பொருளுக்கு என்.வி.டி.ஏ. என்று பெயர். விலை? ஒன்றுமில்லை. அதன் மூலநிரலையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம். தமிழையும் வாசிக்கின்றது; குரல் தகரத்தில் தட்டினாற்போல் இருக்கும் என்பது வாஸ்தவமே. ஆயினும் காசு பிடுங்காத தகரக் குரல்!

ஆப்பிள் கம்பெனி 2005 முதலே தன் கம்ப்யூட்டருக்குள் திரைவாசிப்பானை வைத்தே விற்கின்றது. அந்தக் கம்ப்யூட்டரின் விலை கொள்ளைதான். ஆனாலும் முறை சரி. எழுத்தைத் திரையில் வரைந்து காட்டுவதற்குக் கண்ணுள்ளவனிடம் தனிக்கூலி கேட்பதில்லையே. அதை வாயால் சொல்லுவதற்கு மாத்திரம் ஏன் தனிக்கூலி?

நிற்க, நம் சர்க்காரின் யோக்கியதையையும் பார்ப்போம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரி வந்தபோது பிரெயில் தட்டச்சு இயந்திரத்துக்கு 5 சதவீதம் போட்டார்கள். பூணூலுக்கு வரி இல்லை! ருத்திராட்சத்துக்கும், பஞ்சகவ்வியத்துக்கும், பாதக்குறட்டுக்கும் இல்லை! "வரியே இல்லாமற் செய்தால், உள்நாட்டில் செய்கிறவன் மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாமல் நஷ்டப்படுவான்" என்று சமாதானம் சொன்னார்கள். அப்படியானால் பூணூல் நூற்கிறவன் மாத்திரம் எப்படி நஷ்டப்படாமல் பிழைத்தான்? முதுகில் தொங்குகின்ற நூலுக்குக் காட்டிய தயவு, விரலால் எழுதுகின்றவனுக்கு ஏன் இல்லாமற் போயிற்று?

இனாமாகக் கிடைத்துவிட்டதால் எல்லாம் தீர்ந்தது என்று நாம் சொல்லவில்லை. காகிதத்தைப் படம் பிடித்து அப்படியே ஏற்றிய உத்தரவின் முன்னும், பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கடிதத்தின் முன்னும் திரைவாசிப்பான் பெரும்பாலும் ஊமைதான், அல்லது உளறும். பிரெயில் பலகைக்கு இன்னும் இனாம் வழி பிறக்கவில்லை. அதைச் சர்க்கார் வாங்கி நூலகந்தோறும் வைக்க வேண்டியதுதான்.

ஆனால் பணமே தேவைப்படாத வேலை ஒன்று உங்கள் கையில் இருக்கின்றது. உங்கள் ஊர் நூலகத்துக்கும், பள்ளிக்கூடத்துக்கும், பஞ்சாயத்து ஆபீசுக்கும் போங்கள். அங்குள்ள கம்ப்யூட்டரில் திரைவாசிப்பான் இருக்கிறதா என்று கேளுங்கள். "நிதி ஒதுக்கவில்லை" என்று சொன்னால், அது இனாம் என்று சொல்லுங்கள். "அதிகாரி உத்தரவு வேண்டும்" என்றால், என்.வி.டி.ஏ.யை ஒரு பென் டிரைவில் வைத்தே ஓட்டலாம், கம்ப்யூட்டரில் ஒன்றையும் பதிக்க வேண்டியதில்லை என்று சொல்லுங்கள். அதற்குமேல் என்ன சாக்குச் சொல்லுகிறார்கள் என்பதை நமக்கு எழுதி அனுப்புங்கள். ஊர்ப் பெயரோடு பிரசுரிக்கின்றோம்.