திணை வழுவும் தரவு வழுவும்

"மாடு வந்தான்" என்றால் எழுத்தறியாத் தமிழரும் நகைப்பர். மாடு அஃறிணை; வினையோ உயர்திணை ஆண்பால். இத்தகைய வழுக்கள் புகாமல் காக்கவே தொல்காப்பியர் கிளவியாக்கம் வகுத்தார்.

2012-இல் மைக்ரோசாப்டு வெளியிட்ட டைப்புசிகிரிப்டு என்னும் நிரல்மொழியும் இத்தகு காவலையே செய்கின்றது. எண், எழுத்துச்சரம், மெய்-பொய் என அடிப்படைத் தரவுகளை அது வகைப்படுத்துகின்றது. 'அகவை' என்பதை எண்வகையென அறிவித்தபின் அதில் "பத்து" என்னும் சொல்லை இட்டால், நிரல் இயங்குமுன்பே வழுவெனக் காட்டிவிடும். மேற்கோட்குறிக்குள் "10" என்று இட்டாலும் அஃது எண்ணன்று, எழுத்துச்சரமே. 'எதுவும்' என்னும் வகையை அறிவித்தாலோ, காவலே நீங்கிவிடும்.

இவ்வளவு எளிய கருத்தை, கடலூரிலும் தில்லையிலும் கணிப்பொறி கற்கப் புகும் இளைஞர் வெறும் ஆங்கில ஒலியாக நெட்டுருச் செய்து மயங்க வேண்டுமா? 'தென்மொழி' 1959-இல் தோன்றியது கடலூரில். மொழிஞாயிறு பாவாணர் 1956 முதல் 1961 வரை பணியாற்றியது தில்லையை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். சொல்லாக்கம் வேரூன்றிய மண்ணில் சொல்லுக்கா பஞ்சம்?

நிரலின் ஆணைச்சொற்கள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். விளக்கமேனும் தமிழில் அமைக! திணையறிந்த பிள்ளைக்குத் தரவின் வகை அயலன்று. கற்பிப்போர் அங்கிருந்தே தொடங்குக!